கென்யா ஆய்வு சொல்வது அதுவல்ல

"மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயால்தான் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் விலை ஏறியது, கென்யா ஆய்வே சொல்கிறது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் ஐயா. ஆய்வு சொல்வது நேர்மாறு. ஏழைகளுக்குப் பணம் கொடுத்தால் ஊர்ச் சந்தைக்கு என்ன ஆகும் என்று பார்க்க, கென்யாவில் 653 கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, 10,500-க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குத் தலா சுமார் 1,000 டாலர் கொடுத்தார்கள். பிறகு சந்தை விலை, கடை வருமானம், பணம் பெறாத வீடுகளின் செலவு எல்லாவற்றையும் அளந்தார்கள். விலையேற்றம் சராசரியாக 0.1 சதவீதம்! பணம் கிடைக்காத அண்டை வீட்டாரும் கூடுதலாகச் செலவழித்தார்கள்.

எங்கும் இப்படியே என்று சாதிக்க மாட்டேன். மெக்சிகோவில் இப்படிப் பணம் கொடுத்தபோது ஒதுக்குப்புறக் கிராமங்களில் விலை ஏறத்தான் செய்தது. ஆனால் விடியுமுன் லாரி லாரியாய்க் காய்கறி இறங்கும் நம் மார்க்கெட் ஒதுக்குப்புறமா? இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் விலை ஏறினால் முதலில் மழையை விசாரியுங்கள்.