மூலப் பக்கத்தின் ஓரங்களை வெட்டாதீர்கள்

காமிக்ஸ் ஓவியர்கள் தம் கையால் வரைந்த மூலப் பக்கங்களை வாங்கிச் சேர்க்கும் ஆர்வம் நம் தமிழ் வாசகர்களிடமும் இப்போது துளிர்விட்டிருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர்கள் ஒன்றிரண்டு பக்கங்களை வாங்கிப் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டி, அதன் படத்தைப் பகிரும்போது எனக்கும் மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆயினும் அவற்றுள் சிலவற்றைப் பார்க்கையில் மனம் பதைக்கிறது. பேனல்களுக்கு, அதாவது படக்கட்டங்களுக்கு, வெளியே உள்ள ஓரப்பகுதி முழுவதும், படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டைக்கு அடியில் மறைந்திருக்கிறது. ஓரிரு பக்கங்களில் அந்த ஓரம் வெட்டியே எறியப்பட்டிருக்கிறது. இது ஏன் கூடாது என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

அமெரிக்க காமிக்ஸின் மூலப் பக்கம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் இருக்கும். அச்சில் நாம் காணும் வண்ணம் தனித் தாளில் குறிக்கப்பட்டு, அச்சுத் தகடு தயாரிக்கும் கட்டத்தில் சேர்க்கப்பட்டது. பிரிஸ்டல் என்னும் தடித்த ஓவிய அட்டையில் ஒருவர் பென்சிலால் வரைவார். எழுத்துக்காரர், ஏற்கெனவே எழுதித் தரப்பட்ட வசனங்களைக் கையால் அழகாக எழுதிச் சேர்ப்பார். இன்னொருவர் தூரிகையாலும் பேனாவாலும் மை தீட்டுவார். பிறகு பதிப்பாசிரியரும் தயாரிப்புப் பிரிவினரும் அதே அட்டையில் தம் திருத்தங்களைச் செய்வார்கள். 1967 வாக்கில்தான் அட்டையின் அளவு இன்று வழக்கத்தில் உள்ள 11க்கு 17 அங்குலத்துக்குக் குறைந்தது. ஓவியப் பகுதி மட்டும் 10க்கு 15 அங்குலம். அதற்கு முன் ஓவியப் பகுதியே சுமார் பன்னிரண்டரைக்குப் பதினெட்டு அங்குலம் இருந்தது. ஆக, மூலப் பக்கம் என்பது நான்கைந்து பேர் மாறி மாறி உழைத்த ஒரு வேலைத்தாள். அந்த உழைப்பின் தடயங்களில் பாதி பேனல்களுக்குள் இருக்கின்றன என்றால் மீதிப் பாதி ஓரங்களில்தான் இருக்கின்றன.

என்னிடம் உள்ள ஒரு பக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன். எழுபதுகளில் வெளிவந்த ஒரு போர்க்கதையின் நடுப்பக்கம் அது. புகழ்பெற்ற கதாநாயகன் எவரும் அதில் இல்லை. அட்டையின் தலைப்பகுதியில் இதழின் பெயர், எண், பக்க எண் ஆகியவற்றுக்கான கட்டங்கள் வெளிர்நீலத்தில் அச்சிடப்பட்டு, பென்சிலால் நிரப்பப்பட்டிருக்கின்றன. மூன்றாம் பேனலில் ஒரு சிப்பாயின் தலைக்கவசம் வெள்ளைப் பூச்சால் அழிக்கப்பட்டு மீண்டும் வரையப்பட்டிருக்கிறது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால், முதலில் அவன் தலை குனிந்திருந்தது பூச்சுக்கு அடியில் மங்கலாகத் தெரியும். ஒரு வசனக் குமிழ் தனித் துண்டில் எழுதி ஒட்டப்பட்டது. பழைய ரப்பர் சிமென்ட் பசை அதன் விளிம்பைச் சுற்றிப் பழுப்பாகக் கசிந்திருக்கிறது. வலது ஓரத்தில் மை தீட்டியவர் தூரிகையின் முனையைக் கூராக்க இழுத்துப் பார்த்த கோடுகள் ஏழெட்டு, ஒன்றைவிட ஒன்று மெலிந்து கொண்டே போகின்றன. கீழே, அச்சகக் கேமராவின் கண்ணில் படாத நீலப் பென்சிலில், நிழலைக் கூட்டச் சொல்லும் குறிப்பு ஒன்று. நான் அந்தப் பக்கத்தின் முன் நிற்கும்போதெல்லாம் என் கண் முதலில் போவது அந்தத் தூரிகைக் கோடுகளுக்குத்தான். அச்சான இதழை வைத்திருக்கும் எவருக்கும் கிடைக்காத பகுதி அது.

ஓரத்தின் மதிப்பு அழகோடு நிற்பதில்லை. அறுபதுகளில் அமெரிக்க காமிக்ஸ் பதிப்பகமான மார்வெல் நிறுவனத்தில் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் சேர்ந்து பணியாற்றிய முறையில், முழுத் திரைக்கதை எழுதப்பட்டு ஓவியர் கைக்கு வருவதில்லை. கதையைப் பற்றிச் சுருக்கமாகப் பேசிக்கொள்வார்கள். கிர்பி பக்கங்களை வரைந்து முடிப்பார். அதன் பின்னரே லீ வசனம் எழுதுவார். எந்தப் பேனலில் என்ன நடக்கிறது, பாத்திரம் என்ன நினைக்கிறது என்பதை லீக்கு விளக்க, கிர்பி பக்க ஓரங்களில் பென்சிலால் குறிப்புகள் எழுதிவைத்தார். கதையை உருவாக்கியதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பல பத்தாண்டுகளாக நடந்துவரும் வாதத்தில், இன்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது அந்தக் குறிப்புகளைத்தான். பல பக்கங்களில் அவை பாதி வெட்டுப்பட்டோ அழிக்கப்பட்டோ கிடக்கின்றன. ஒரு மனிதர் தன் வாழ்நாள் உழைப்புக்கு வைத்துவிட்டுப் போன சாட்சியம், யாரோ ஒருவர் தாளைச் சீராக்குவதற்காக வைத்த கத்தியில் போய்விட்டது. இதை எண்ணும்போது எனக்குக் கோபமே வருகிறது.

இன்னொரு சான்று வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. ஸ்பைடர்மேன் முதன்முதலாகத் தோன்றிய 1962ஆம் ஆண்டு இதழுக்காக ஸ்டீவ் டிட்கோ வரைந்த 24 மூலப் பக்கங்களையும் பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் 2008இல் அந்நூலகத்துக்கு நன்கொடையாக அளித்தார். ஸ்பைடர்மேனாகும் இளைஞன் பீட்டர் பார்க்கர் காரில் அடிபடாமல் தப்பும் இடத்தில், அந்தக் காரை மூடிய காராக வரையும்படியும், ஜன்னலுக்கு வெளியே கைகள் தொங்க வேண்டாம் என்றும், கண்மண் தெரியாமல் ஓட்டுவதாகத் தோன்றக் கூடாது என்றும் டிட்கோவுக்கு எழுதப்பட்ட குறிப்பு அங்கே காணக் கிடைக்கிறது. 1954இல் தொடங்கிய காமிக்ஸ் தணிக்கை விதிமுறைகளின் காலத்தில் ஒரு பதிப்பாசிரியர் எந்த அளவுக்கு முன்னெச்சரிக்கையோடு இருந்தார் என்பதை எந்தக் கட்டுரையும் இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடாது.

இத்தகைய பக்கங்கள் எஞ்சியதே பெரிய விஷயம். பதிப்பகங்கள் வெகுகாலம் இவற்றை அச்சு முடிந்த கழிவாகவே கருதின. மார்வெலின் போட்டியாளரான டிசி நிறுவனத்தில் மூலப் பக்கங்களை வெட்டித் துண்டாக்கிக் குப்பையில் சேர்த்த காலம் ஒன்று இருந்தது. ஓவியர் நீல் ஆடம்ஸ் அதை எதிர்த்தும், மூலங்களை ஓவியர்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று கோரியும் போராடினார். கிர்பி மார்வெலுக்கு வரைந்தவை பத்தாயிரம் பக்கங்களுக்கும் மேல் இருக்கும். நெடிய போராட்டத்துக்குப் பிறகு 1987இல் அவருக்குத் திரும்பி வந்தவை சுமார் இரண்டாயிரம் மட்டுமே. இதற்கு நேர்மாறாக, ஈசி காமிக்ஸ் பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸ் தம் இதழ்களின் மூலங்களைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்ததால், அவை பின்னாளில் ஏலத்துக்கு வந்தபோது ஏறத்தாழ முழுக் கதைகளாகவே வந்தன.

நமக்கு மிக நெருக்கமான ஓர் உதாரணமும் உண்டு. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. அந்தத் தொடர் பிரிட்டனில் 1962இல் வேலியண்ட் வார இதழில் ஆரம்பமானது. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டவரான ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்நாளைய பிரிட்டிஷ் வார இதழ்கள் பொதுவாக ஓவியர் பெயரை அச்சிடுவதில்லை. ஒரு தலைமுறைத் தமிழ்ச் சிறுவர்கள் அவர் வரைந்த நிழல்களில் தம்மை மறந்தார்கள். அவர் பெயரை மட்டும் அறியாமல் வளர்ந்தார்கள். பெயரே அச்சேறாத கலைஞருக்கு அவர் தொட்ட தாளைத் தவிர வேறு கையொப்பம் ஏது?

இனிப் பிரேம் கடைக்கு வருகிறேன். நம் ஊர்க் கடைகளில் சாமி படத்துக்கும் கல்யாணப் புகைப்படத்துக்கும் பழகிய கைகள் இருக்கின்றன. அவர்கள் தொழிலில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த வழக்கப்படி படத்தை ஹார்டுபோர்டில் ஃபெவிகால் தடவி ஒட்டுவார்கள், அல்லது லேமினேஷன் போட்டுவிடுவார்கள். மூலப் பக்கத்துக்கு இவ்விரண்டும் மரண தண்டனை. இன்னொரு சிக்கல் அளவில் இருக்கிறது. 11க்கு 17 அங்குலம் என்பது மில்லிமீட்டரில் 279க்கு 432. கடையில் தயாராகக் கிடைக்கும் ஏ3 பிரேமோ 297க்கு 420. அகலத்தில் இடம் மிஞ்சும். உயரத்தில் 12 மில்லிமீட்டர் இடிக்கும். "அரை இஞ்ச்தான் சார், வெட்டினா தெரியவே தெரியாது" என்று கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். அந்த அரை அங்குலத்தில்தான் மேலே சொன்ன குறிப்புகள் இருக்கும். பக்கத்தைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதே அளவில் வெட்டிய வெற்று அட்டையைக் கொடுத்து அதற்கு அளவெடுக்கச் சொல்லுங்கள்; மூலத்தை வீட்டில் நீங்களே உள்ளே வையுங்கள்.

16க்கு 20 அங்குலப் பிரேம் இதற்குப் பொருத்தமாக இருக்கும். பக்கவாட்டில் இரண்டரை அங்குலமும் மேலும் கீழும் ஒன்றரை அங்குலமும் இடம் கிடைக்கும். மவுண்ட் அட்டையின் திறப்பைப் பக்கத்தைவிடச் சுற்றிலும் கால் அங்குலம் பெரிதாக வெட்டச் சொன்னால், தாளின் நான்கு விளிம்புகளும் முழுதாகத் தெரியும். மவுண்டும் பின்னட்டையும் அமிலமற்ற பருத்திக் கூழ் அட்டையாக இருக்க வேண்டும். மலிவான மரக்கூழ் அட்டை சில ஆண்டுகளில் மூலத்தையும் சேர்த்துப் பழுப்பாக்கிவிடும். மூலத்தை மேல்விளிம்பில் மட்டும், இரண்டு இடங்களில், ஜப்பானியக் காகிதக் கீற்றாலும் நீரில் கரையக்கூடிய ஸ்டார்ச் பசையாலும் தொங்கவிடுவதே அருங்காட்சியக முறை. அது இயலாவிட்டால் ஒளி ஊடுருவும் பாலியெஸ்டர் மூலைப்பிடிகள் போதும். எக்காரணத்தைக் கொண்டும் செல்லோடேப் வேண்டாம். கண்ணாடி தாளைத் தொடவும் கூடாது. நம் கடற்கரை நகரங்களின் ஈரக்காற்றில் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். தாள் அதோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது மையும் கூடவே வரும். அக்ரிலிக் தகடு உடையாது என்றாலும், உராய்வில் நிலைமின்சாரம் ஏறி, விரிசல் விட்ட வெள்ளைப் பூச்சைச் செதிலாக இழுக்கக்கூடும். ஆகவே பூச்சு அதிகம் உள்ள பக்கத்துக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியையே நான் விரும்புவேன்.

அந்தக் கண்ணாடியைப் போட்டுவிட்டோமே என்று நிம்மதியடைந்துவிட வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தாளைக் கெடுக்கும். அந்தச் சேதம் நாளுக்கு நாள் கூடுமே தவிரக் குறையாது. அருங்காட்சியகங்கள் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் என்ற மங்கலான ஒளியையே அளவாகக் கொள்கின்றன. நம் வீட்டுக் கூடத்தில் பகல் வெளிச்சம் அதைப் பல மடங்கு தாண்டும். கரித்தூளால் ஆன இந்தியா மை தாக்குப்பிடிக்கும். மார்க்கர் பேனாவால் தீட்டிய கறுப்பு ஊதாவாகவோ பழுப்பாகவோ மாறும். காமிக்ஸ் சந்தைகளில் ஓவியர்கள் மார்க்கரில் போட்டுத்தரும் வண்ணச் சித்திரங்கள் இன்னும் வேகமாக மங்கும். ஆகவே மேற்கு வெயில் படும் சுவரும், மழைக்காலத்தில் ஈரம் கசியும் வெளிச்சுவரும் ஆகாது. சில மாதங்களுக்கு ஒருமுறை பக்கத்தைக் கழற்றிப் பாலியெஸ்டர் உறையில் இருட்டில் வைத்துவிட்டு, வேறொன்றை மாட்டுவது நல்லது. சுவரில் எப்போதும் ஒன்று இருந்தே ஆக வேண்டுமென்றால், நல்ல ஸ்கேன் எடுத்து அச்சிட்டு மாட்டலாம். அதில் தாழ்வு ஒன்றுமில்லை.

இவ்வளவு கவனத்தோடு வைத்திருக்கும் பக்கத்தைச் "சுத்தம்" செய்து தருவதாகச் சிலர் முன்வருவார்கள். பழுப்பேறிய பசைத் தடத்தை நீக்கி, மஞ்சளான வெள்ளைப் பூச்சைப் புதுப்பித்து, பென்சில் கோடுகளை அழித்துப் பளிச்சென்று ஆக்கித் தருவார்களாம். தாளை அரித்துக்கொண்டே இருக்கும் பழைய டேப்பை, தாள் பராமரிப்பில் பயிற்சி பெற்றவரைக் கொண்டு எடுப்பது நியாயம். மற்றதெல்லாம் வரலாற்றைத் துடைப்பது. பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜே 1936இல் தம் டின்டின் தொடரின் "நீலத் தாமரை"க்காக வரைந்த அட்டைப்பட ஓவியம் அச்சிட அதிகச் செலவாகும் என்று ஒதுக்கப்பட்டது. பதிப்பாளர் வீட்டுச் சிறுவனுக்கு அன்பளிப்பாகி, மடித்தபடியே மேசை இழுப்பறையில் கிடந்தது என்பது ஏலக்காரர்கள் சொன்ன வரலாறு. 2021இல் பாரிஸ் ஏலத்தில் அது சுமார் 32 லட்சம் யூரோவுக்குப் போனபோதும் மடிப்புக் கோடுகள் அதில் தெளிவாகவே தெரிந்தன. அந்த மடிப்புகள் அங்கேயே இருப்பதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 2022இல் ஸ்பைடர்மேனின் கறுப்பு உடைக் கதையின் ஒரே ஒரு பக்கம், மைக் செக் வரைந்தது, 33 லட்சம் டாலரைத் தாண்டியது. அந்தப் போட்டி நமக்கானதன்று. புகழ்பெற்ற நாயகன் பாயும் முழுப்பக்கப் படத்தைத் துரத்துவதைவிட, நாம் வாசித்து நேசித்த கதையின் அமைதியான ஆறு பேனல் பக்கம் ஒன்றை, இயன்றால் ஓவியரிடமிருந்தே வாங்குவது மேல். கதை சொல்லும் கலை அங்கேதான் முழுமையாக வெளிப்படுகிறது. இன்று கணினியிலேயே வரைபவர்கள் பெருகிவிட்டதால் பல புதிய கதைகளுக்குக் கைமூலமே கிடையாது. சில பக்கங்களில் பென்சில் படம் கணினியில் இருக்க, அதை நீலத்தில் அச்செடுத்த தாளின்மேல்தான் மை தீட்டப்பட்டிருக்கும். எதை வாங்குகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். வாங்க வசதியில்லாதவர்களுக்கு, அமெரிக்கப் பதிப்பகமான ஐடிடபிள்யூ 2010 முதல் வெளியிட்டுவரும் ஆர்டிஸ்ட்ஸ் எடிஷன் நூல்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கறுப்பு வெள்ளைப் பக்கங்களையே வண்ணத்தில் ஸ்கேன் செய்து மூல அளவில் அச்சிடுவதால் நீலப் பென்சிலும் வெள்ளைப் பூச்சும் ஓரக் குறிப்பும் அப்படியே தெரிகின்றன.

பிரேம் போடுவதற்கு முன் ஒரு வேலை உண்டு. பக்கத்தைத் திருப்பிப் பின்புறத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பழைய பக்கங்களில் தணிக்கை அமைப்பின் ரப்பர் முத்திரை, பதிப்பக முகவரி, சில சமயம் ஓவியர் கிறுக்கிப் பார்த்த முகங்கள் எல்லாம் அங்கே இருக்கும். பின்னட்டை மூடியபின் அவற்றைக் காண முடியாது. அந்தப் படத்தின் பிரதியோடு, எந்த இதழ், எத்தனையாம் பக்கம், யாரிடம் எப்போது வாங்கியது என்ற விவரத்தை அமிலமற்ற தாளில் பென்சிலால் எழுதி, உறையிலிட்டுப் பிரேமின் முதுகில் ஒட்டிவிடுங்கள். ரசீதின் நகலையும் அதிலேயே வையுங்கள். நமக்குப் பிறகு அந்தப் பிரேமைத் திறக்கப்போகிறவருக்கு அது தேவைப்படும்.