ட்ரஸ் ராட் கம்பியின் உயரத்துக்கானது அல்ல

"கம்பி உயரமாக இருந்தால் ட்ரஸ் ராடை நன்றாக இறுக்குங்கள், ஆக்‌ஷன் இறங்கிவிடும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆக்‌ஷன் என்றால் கம்பி நிற்கும் உயரம். புதிதாக எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். ட்ரஸ் ராட் என்பது கிட்டாரின் கழுத்தான நெக்குக்குள் ஓடும் தண்டு; அது நெக்கின் வளைவைச் சரிசெய்யத்தான். இறுக்கினால் கம்பி கொஞ்சம் இறங்கும், உண்மைதான். ஆனால் அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் நெக் பின்பக்கம் வளைந்து, முதல் சில ஃப்ரெட்களில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) கரகரவென்று சத்தம் வரும். உயரத்துக்கு, உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் திருகுகள் இருக்கின்றனவே!

டியூன் செய்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, தடித்த ஆறாவது கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். எட்டாவது ஃப்ரெட்டுக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவே சுமார் 0.25 மி.மீ. இடைவெளி இருந்தால் ராடைத் தொடவே வேண்டாம். தொட்டாலும் ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான், அப்புறம் மறுபடி டியூன் செய்து அளந்து பாருங்கள். ராடைத் திருப்பும் சாவி இறுகி நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள்.