லிஃப்டில் ஒரு பந்து

'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' என்ற ஜெர்மன் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அந்தக் கண்ணீர்த் துளியைத்தான் சொல்கிறார்கள். கீழ்வீட்டில் ஒருவர் பியானோ வாசிக்க, மேலே ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒட்டுக்கேட்கும் வீஸ்லர் என்ற ஸ்டாசி அதிகாரியின் கன்னத்தில் இறங்கும் துளி. ஸ்டாசி என்பது கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ். நல்ல காட்சிதான். ஆனால் வீஸ்லராக நடித்த உல்ரிச் மூஹே எவ்வளவு பெரிய நடிகர் என்று எனக்குத் தெரிந்தது அங்கே இல்லை, லிஃப்டில்.

வீஸ்லர் வேலை முடிந்து தன் அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் திரும்பியிருக்கிறார். லிஃப்டுக்குள் ஒரு பந்து உருண்டு வருகிறது, பின்னாலேயே ஒரு சிறுவன். "நீங்க நிஜமாவே ஸ்டாசியா?" என்று கேட்கிறான். ஸ்டாசின்னா என்னன்னு தெரியுமா என்கிறார் இவர். ஆளுங்களைப் பிடிச்சு ஜெயில்ல போடுற கெட்டவங்க, அப்பா சொன்னார் என்கிறான் பையன். "அப்படியா... உன்னோட..." என்று ஆரம்பித்து வீஸ்லர் நின்றுவிடுகிறார். "என்னோட?" என்கிறான் பையன். ஒரு இடைவெளி. "பந்து. உன்னோட பந்துக்கு என்ன பேர்?" பந்துக்கெல்லாமா பேர் இருக்கும் என்று கேட்டுவிட்டு அவன் போய்விடுகிறான்.

'அப்பா' என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. பெயரைக் கேட்டிருந்தால் அந்த அப்பாவின் கதை அன்றோடு முடிந்திருக்கும். ஆயுள் முழுக்க ஊறிய பழக்கம் ஒன்று அந்த இடைவெளியில் நிற்கிறது. மூஹே அதற்காக முகத்தில் எதையும் செய்யவில்லை, புருவம்கூட அசையவில்லை. ஆனாலும் எனக்கு எல்லாம் தெரிந்தது. இதைவிடப் பெரிய நடிப்பை நான் பார்த்ததில்லை என்று தயங்காமல் சொல்வேன்.

மூஹே 1953இல் கிழக்கு ஜெர்மனியின் சாக்ஸனியில் கிரிம்மா என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா விலங்குரோம ஆடை தைப்பவர். மகன் முதலில் கற்றது கட்டட வேலை. அப்புறம் கட்டாய ராணுவ சேவை. போட்ட இடம் பெர்லின் சுவர்! மேற்கே தப்பி ஓட முயல்பவர்களைச் சுட வேண்டும் என்ற உத்தரவோடு துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்ற இளைஞர்களில் அவரும் ஒருவர். அங்கேதான் அவருக்கு வயிற்றில் புண் வந்தது. லைப்சிக்கில் நாடகக் கல்லூரி, கார்ல் மார்க்ஸ் நகர மேடை, அங்கிருந்து நாடகாசிரியர் ஹைனர் முல்லர் கைபிடித்துக் கூட்டிவர பெர்லின். முப்பது வயதில் டாய்ச்சஸ் தியேட்டரில் நிரந்தர நடிகர்.

1989 இலையுதிர்காலத்தில் அதே முல்லரின் இயக்கத்தில் ஹாம்லெட்டாக ஒத்திகை. சுமார் எட்டு மணி நேரம் ஓடும் நாடகம். வெளியே தெருவில் நாடே ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. நவம்பர் 4 அன்று அலெக்ஸாண்டர் சதுக்கத்தில் லட்சக்கணக்கான மக்கள் கூடிய கூட்டத்தை முன்னின்று நடத்தியவர்கள் நாடகக்காரர்கள்தான். மேடையில் பேசியவர்களில் மூஹேயும் உண்டு. பேச்சுரிமை, கூடும் உரிமை பற்றி அந்த நாட்டின் அரசியல் சட்டமே சொல்லும் வரிகளை அங்கே படித்துக் காட்டினார்கள். ஐந்தே நாளில் சுவர் திறந்தது. வயிற்றுப் புண்ணோடு அந்தச் சுவரைக் காவல் காத்த பையன்தான் இந்த மனிதர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

மேற்குலகம் அவரை இந்தப் படம் வந்த 2006இல்தான் 'கண்டுபிடித்தது' என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆஸ்திரிய இயக்குநர் மிஷாயேல் ஹனெகவின் 'பென்னிஸ் வீடியோ' வந்தது 1992இல். மகன் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டான், உடலை என்ன செய்வது என்று அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து பேசும் காட்சியைப் பாருங்கள். வீட்டுக் கணக்குப் போடும் குரலில் பேசுகிறார் மூஹே. 1997இல் 'ஃபன்னி கேம்ஸ்'. கால் உடைபட்டு, குடும்பத்தைக் காப்பாற்ற முடியாமல் சோஃபாவில் கிடக்கும் தகப்பன். மனைவியாக நடித்த சூசன்னே லோத்தார் நிஜத்திலும் அவர் மனைவி. இரண்டையும் பலவீனமான மனதோடு பார்க்க வேண்டாம். தொலைக்காட்சியில் 'டெர் லெட்ஸ்டே ட்ஸொய்கே' என்ற தொடரில் பிரேதப் பரிசோதனை மருத்துவராக ஒன்பது வருடம் நடித்தார், சராசரி ஜெர்மானியருக்கு அவர் அந்த டாக்டர்தான். நாஜிப் பிரச்சார அமைச்சர் கெபல்ஸாகவும் நடித்தார், ஹிட்லருக்குப் பேச்சுப் பயிற்சி தரும் யூத நடிகராகவும் நடித்தார்.

வீஸ்லர் வேடத்துக்கு எப்படித் தயாரானீர்கள் என்று கேட்டபோது "நினைவுபடுத்திக்கொண்டேன்" என்றாராம். ஒரே சொல். அவரையே வேவு பார்த்திருக்கிறார்கள். சுவர் விழுந்தபின் தன்னைப் பற்றிய ஸ்டாசி ஃபைலை எடுத்துப் பார்த்தால், கூட நடித்தவர்களே தகவல் கொடுத்திருந்தார்கள். கடைசி வருடத்தில் ஸ்டாசியின் முழுநேர ஊழியர்கள் 91,000 பேர், தகவல் கொடுப்பவர்கள் சுமார் 1,89,000 பேர். ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல் மக்கள் இருந்த நாட்டில்! முன்னாள் மனைவி, நடிகை யென்னி க்ரோல்மன் பெயரும் தகவல் கொடுத்தவர்கள் பட்டியலில் இருந்தது என்று மூஹே ஒரு பேட்டியில் சொன்னார். க்ரோல்மன் அதைக் கடைசிவரை மறுத்தார், நீதிமன்றம் போய் அந்தக் கூற்றுக்குத் தடையும் வாங்கினார், 2006 ஆகஸ்டில் புற்றுநோயில் இறந்தார். யார் பக்கம் உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் பிரிந்துபோன இரண்டு பேருக்கு நடுவில், அந்த அரசு செத்து இத்தனை வருடம் கழித்தும் அதன் காகிதம் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

படத்தின் மேல் ஒரு நியாயமான குற்றச்சாட்டு உண்டு. வீஸ்லர் மாதிரி மனம் மாறி, தான் கண்காணித்தவரையே காப்பாற்றிய அதிகாரி ஒருவரும் இருந்ததில்லை என்கிறார்கள். ஸ்டாசி சிறையாக இருந்து இப்போது நினைவிடமாக இருக்கும் ஹோஹன்ஷோன்ஹவுசனில் படம் பிடிக்க இதே காரணத்துக்காக அனுமதி மறுத்தார் அந்த நினைவிடத்தின் அப்போதைய இயக்குநர். அந்தச் சிறையில் அடைபட்டவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் மூஹே அந்த மனிதரை நல்லவராக்கிக் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் ஒரு வகுப்பில், இது மனிதத்தன்மை இல்லையே என்று கேட்ட மாணவன் பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி போடுகிறார் பாருங்கள், அதே கைதான் கடைசிவரை. கதை அவரை மன்னிக்கலாம், மூஹேயின் முகம் மன்னிப்புக் கேட்பதே இல்லை.

2007 பிப்ரவரியில் படம் ஆஸ்கர் வாங்கியது. விழா முடிந்ததும் மூஹே அவசர வயிற்று அறுவை சிகிச்சைக்கு ஊர் திரும்ப வேண்டியிருந்தது. புற்றுநோய். ஜூலை 21 அன்று வெளியான ஒரு பத்திரிகைப் பேட்டியில்தான் அதை வெளியே சொன்னார். மறுநாள் வால்பெக் கிராமத்து வீட்டில் இறந்தார். 54 வயது.

நேற்று இரவு லிஃப்ட் காட்சியை ஒலியே இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். வாய் பாதி திறக்கிறது, நிற்கிறது. கண் பையனிடம் இல்லை, எங்கோ ஒரு விநாடி உள்ளே போய்விட்டு வருகிறது. அப்புறம்தான் பந்தைப் பார்க்கிறார்.