18 வயதுக்குக் கீழே லைசென்ஸ் தேவையில்லை

எங்கள் தமிழ்க் குழுவில் சுற்றுகிற அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏரிக்கரையில் தூண்டிலோடு ஒரு பொடியன், காலடியில் வாளி, மேலே "லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடிச்சு எங்கட மானத்தை வாங்குதுகள்" என்று ஒரு வரி. முகத்தைக்கூட மறைக்கவில்லை. பகிர்ந்தவர்களில் என் சொந்தக்காரரும் இருக்கிறார்கள்.

இங்கே கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வசிக்கிற 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை மீன்பிடி லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை. பெயரும் பிறந்த திகதியும் உள்ள அரசாங்க அடையாள அட்டை கையில் இருந்தால் அதுவே லைசென்ஸ். 65 வயதான தாத்தாவுக்கும் அப்படித்தான். இடையில் இருக்கிற நாங்கள்தான் காசு கட்டி எடுக்க வேண்டும். அமைச்சின் இணையத்தளத்தில் இருக்கிற விஷயம் இது. படம் போடுவதற்கு முன் ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

"வெளிநாட்டுப் பிள்ளையாக இருந்தால்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். லண்டனில் இருந்து லீவுக்கு வந்த பிள்ளை என்றாலும், லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட நின்றால் பிடிக்கலாம். பிடித்து வைத்துக்கொள்கிற மீன் அவருக்கு அனுமதித்த எண்ணிக்கையில் சேரும், அவ்வளவுதான்.

"எங்கட ஆட்கள் வாளி வாளியாக அள்ளுகிறார்களே?" சரி, அள்ளுகிற பெரியவர்களை நானும் கண்டிருக்கிறேன். ஜூன் பிற்பாதியில் பாஸ் மீனுக்குக் காலம் திறக்கும் முன்பே பிடித்துப் பையில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி மீன்பிடியைக் கண்காணிக்கிற அதிகாரியிடம் சொல்லுங்கள். அதற்கு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம் எதற்கு?

போன கோடையில் ஸ்குகொக் ஏரியில் ஓர் அதிகாரி எங்களிடம் வந்தார். என் லைசென்ஸ் அட்டையைப் பார்த்தார், ஐஸ் பெட்டியைத் திறந்து மீனை எண்ணினார். பிறகு குந்தியிருந்து மகளிடம் வயதைக் கேட்டார். அவள் ஹெல்த் கார்டை நீட்டிவிட்டு, "இங்கே வால்ஐ மீன் பிடிபட்டால் உடனே விட வேண்டும், எனக்குத் தெரியும்" என்றாள். அவர் சிரித்து, அவளுடைய தூண்டில் முடிச்சைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். சட்டம் தெரிந்த மனிதர் ஒரு பிள்ளையிடம் நடந்துகொண்ட விதம் அது.

2007 இல் சிம்கோ ஏரிப் பக்கம் மீன் பிடிக்கப் போன ஆசிய முகங்களை உள்ளூர்க்காரர் சிலர் தண்ணீருக்குள் தள்ளினார்கள், தூண்டில்களை உடைத்தார்கள். துரத்தப்பட்ட காரில் இருந்த ஓர் இளைஞருக்கு மூளையில் கடும் காயம். ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரித்து 2008 இல் அறிக்கையே வெளியிட்டது. அப்போதும் "அவர்கள் சட்டத்தை மதிப்பதில்லை" என்ற பேச்சு இருந்தது. அதே பேச்சை இன்று எங்கள் வாயாலேயே, தமிழில், எங்கள் பிள்ளையின் படத்துக்கு மேலே எழுதுகிறோம்.

என் அப்பா யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர். போர்க்காலத்தில் சொந்தக் கடலில் வலை போட கடற்படையிடம் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு நீ போகலாமா, போகக் கூடாதா என்பதை துவக்கு வைத்திருந்தவன்தான் சொன்னான். அப்படிப்பட்ட கரையில் இருந்து வந்த எங்களுக்கு, ஒரு பிள்ளை ஒருவரிடமும் கேட்காமல் தண்ணீரோரம் நிற்பது ஏன் கண்ணைக் குத்துகிறது? இந்தக் கேள்வியோடு இரவு முழுக்க நான் நித்திரை கொள்ளவில்லை.

"நல்ல எண்ணத்தில்தான் போட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. படத்தில் இருக்கிற பிள்ளையின் தாய் நேற்று என்னிடம் போனில் அழுதா. மகன் இனி ஏரிப் பக்கம் போக மாட்டேன் என்கிறானாம்.

18 வயதுக்குக் கீழே லைசென்ஸ் தேவையில்லை. படத்தை எடுங்கள். போட்ட அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், அவன் ஒரு தவறும் செய்யவில்லை என்று எழுதுங்கள். அதுவரை அந்தக் குழுவில் நான் இல்லை.