ராத்திரி டூட்டியில் எத்தனை பேர்?

முதியோர் இல்லம், பராமரிப்பு மையம் என்று பெயர் எதுவானாலும், இடம் தேடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது மாதம் எவ்வளவு, ஏசி உண்டா, சாப்பாடு எப்படி என்பதைத்தான். தப்பில்லை. ஆனால் தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாத ஒருவருக்கு இடம் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது வேறு. ராத்திரி டூட்டியில் எத்தனை பேர்? ஒருவர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்வார்?

பக்கவாதம் வந்த என் பெரியம்மாவை முதலில் சேர்த்த இல்லத்தின் வரவேற்பறையில் மீன் தொட்டியெல்லாம் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சார்ட் மாட்டியிருந்தார்கள். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்ததைக் குறிப்பதற்கு. நான் போனபோது காலை பத்தரை. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டிக் போட்டு முடித்திருந்தார்கள்! அவருடைய அசைகிற கையை, கிழித்த வேட்டித் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். "மூக்கு ட்யூபைப் பிடுங்கிடுறாங்க மேடம், அவங்க சேஃப்டிக்குத்தான்" என்றார் அங்கே வேலை பார்த்த அக்கா. அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஹால் முழுவதற்கும் அவர் ஒருத்தர்தான்.

கட்டிப்போடுவது என்றால் நமக்கு ஏர்வாடிதான் ஞாபகம் வரும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்தவர்கள் தப்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். 28 பேர் இறந்துபோனார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவத்திலும் கூடாது என்று தடுத்துவிட்டது. அதே சட்டத்தின் 97-வது பிரிவு இன்னும் நுணுக்கமானது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டுமே ஒருவரைக் கட்டலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் போதவில்லை என்பதற்காகவும் கூடாது. இந்தக் கடைசி வரியை எழுதியவர் இப்படி ஏதாவது ஒரு ஹாலுக்குள் ராத்திரியில் போய்ப் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன். சட்டம் மனநல நிலையங்களுக்கானது, சரி. துணியில் கட்டப்பட்ட என் பெரியம்மாவுக்கு மட்டும் அந்த நியாயம் வேண்டாமா?

கட்டுவதாவது கண்ணில் படும். படாதவை நிறைய. டயப்பர் பேட் நனைந்தால் மாற்ற வேண்டுமே என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். நடக்கத் தெம்பிருப்பவருக்கும் பேட் கட்டிவிடுவார்கள், பாத்ரூமுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போக ஆளில்லை. பேன் வரும், சிக்கு விழும் என்று பெண்களுக்கு முடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். கட்டாயப்படுத்தி மழிக்கக் கூடாது, சொந்த உடை உடுத்திக்கொள்ளலாம் என்பதையும் அந்த 2017 சட்டம் உரிமையாகவே சொல்கிறது. தலைமையாசிரியையாக ஓய்வுபெற்றவரை "பாப்பா, வாயத் தொற" என்கிறார்கள். பாசம்தான். ஆனால் அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. யாரும் கேட்கவில்லை. பேச்சு வராதவர்களுக்கு விருப்பமும் கிடையாது என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம்.

இதற்கெல்லாம் "வீட்டிலேயே வைத்துப் பார்த்திருக்கலாமே" என்று கமெண்ட் வரும். யார் பார்ப்பது? நம் வீடுகளில் அந்த வேலை ஒரு மருமகளின் இடுப்பிலும் தூக்கத்திலும்தான் நடக்கிறது. அவளையும் யாரும் கேட்பதில்லை. வீட்டில் ஒண்டியாகப் பார்க்கிறவளும் வெளியே போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டுதான் போகிறாள்.

பராமரிப்பின் தரம் பார்த்துக்கொள்கிறவரின் சம்பளத்திலும் தூக்கத்திலும் இருக்கிறது என்பது என் கட்சி. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், மாற்று ஆள் வராவிட்டால் இருபத்து நாலு மணி நேரம். நாம் கொடுக்கும் மாதக் கட்டணத்தில் அந்த அக்காவின் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்க நமக்குக் கூச்சம். அன்பு, சேவை, புண்ணியம் என்றெல்லாம் போர்டில் எழுதியிருக்கும், பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது பெரியம்மா வேறு இடத்தில் இருக்கிறார். அங்கே மீன் தொட்டி இல்லை, சுவரில் பெயின்ட் உரிந்திருக்கிறது. ராத்திரிக்கு மூன்று பேர். சொல்லாமல் கொள்ளாமல் ஒன்பது மணிக்குப் போனாலும் உள்ளே விடுகிறார்கள். போனதும் நான் பார்ப்பது குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும்தான், புண் முதலில் வருவது அங்கேதான். இடம் தேடுகிறவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள். பெயர் சொல்வதற்கு முன்னால் ஒரு ராத்திரி நீங்களே போய்ப் பார்க்கச் சொல்வேன்.