எனக்கு வயிற்று வலி இல்லை

தமிழ்ப் பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் பழகிப்போன வரி ஒன்று உண்டு: 'தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தவர் தற்கொலை.' போலீஸ் அப்படி எழுதும், வீட்டார் தலையாட்டுவார்கள், செய்தியும் அப்படியே வரும். நான் போய்ச் சேர்ந்திருந்தால் எனக்கும் அந்த வயிற்று வலிதான் கிடைத்திருக்கும். பிழைத்துவிட்டேன். அதனால் சொந்தபந்தம் மொத்தமும் காரணம் தேடக் கிளம்பியது.

ஆமாம், சில வருடங்களுக்கு முன்பு தற்கொலைக்கு முயன்று, ஆஸ்பத்திரியில் கிடந்து, உயிரோடு வீடு திரும்பியவன் நான். எப்படி என்று கேட்காதீர்கள், சொல்வதாக இல்லை. அதைத் தெரிந்துகொண்டு யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை.

பார்க்க வந்தவர்கள் கையில் ஹார்லிக்ஸ், வாயில் கேள்வி. "கடன் கிடன் இருக்கா?" "பொம்பளை விஷயமா?" சித்தப்பா கதவைச் சாத்திவிட்டு, "என்கிட்ட மட்டும் சொல்லுடா, ஆன்லைன் ரம்மியா?" என்றார். இல்லை என்றதும் அவர் முகத்தில் ஓர் ஏமாற்றம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடன் என்றால் அடைக்கலாம், வேறு விவகாரம் என்றால் திட்டித் தீர்க்கலாம். மாதக்கணக்கில் தூக்கம் போய், சோறு இறங்காமல், 'நீ எல்லோருக்கும் பாரம்' என்று மனசு ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது என்றால் அவர் என்னதான் செய்வார்?

அரசாங்கக் கணக்கும் சித்தப்பா மாதிரிதான். 2022-இல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. குடும்பப் பிரச்சினை 31.7 சதவீதம், நோய் 18.4 சதவீதம் என்று ஆளுக்கொரு காரணம் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து எவருக்கும் காரணம் ஒன்றாக இருந்ததில்லை. பிழைத்தவர்கள் அந்த எண்ணிக்கையில் வருவதே இல்லை. ஒரு சாவுக்கு இருபதுக்கும் மேற்பட்ட முயற்சிகள் இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் உங்கள் தெருவிலும் ஆபீசிலும் நாங்கள் இருக்கிறோம். எங்களை எதிரில் வைத்துக்கொண்டேதான் பேசுகிறீர்கள்.

பேசுவதில் எனக்கு மிகவும் கோபம் வருவது இதற்குத்தான்: "நிஜமாவே சாகணும்னு நினைச்சவன் செத்திருப்பான். இது சும்மா சீன்." ஒருவர் பிழைப்பதும் பிழைக்காததும் யார் அந்த நேரம் வீட்டுக்கு வந்தார்கள், 108 எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பது போன்ற நூறு விஷயங்களில் இருக்கிறது. பிழைத்ததை வைத்து வலியை அளக்க முடியாது. உள்ளே இருந்தவனாகச் சொல்கிறேன், வாழ வேண்டும் என்பதும் இந்த வேதனை நின்றால் போதும் என்பதும் ஒரே மனசில் ஒரே நேரத்தில் இருந்தன.

இப்படிப் பேசுகிறவர்களே மறுநாள், "முடிவு பண்ணிட்டா யாராலயும் தடுக்க முடியாது" என்பார்கள். முடியும். இலங்கையைப் பாருங்கள். 1995 வாக்கில் லட்சத்துக்கு 47 பேர், உலகிலேயே மிக மோசமான விகிதங்களில் ஒன்று. கொடிய நச்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அதன் பிறகான இருபது வருடங்களில் விகிதம் எழுபது சதவீதம் அளவுக்கு இறங்கியது. அது இறங்கத் தொடங்கியபோது போரும் வறுமையும் அங்கே ஓய்ந்தா போயிருந்தன? அந்தக் கொடும் நேரத்தில் ஆபத்தானது கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். முயன்று பிழைத்தவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளும், பத்தில் ஒன்பது பேர் பிறகு தற்கொலையால் சாவதில்லை என்றே காட்டுகின்றன. அதற்காக ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சில வாரங்களும் மாதங்களும்தான் கவனமாக இருக்க வேண்டிய காலம். 'சீன்' என்று நீங்கள் சிரிப்பதும் சரியாக அப்போதுதான்.

கோழை என்றும் சொன்னார்கள், சாகிற தைரியம் வாழ இல்லையா என்றும் கேட்டார்கள். இரண்டில் எது என்று முதலில் அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

"பெத்தவளை நினைச்சியா? பொண்ணை நினைச்சியா?" இது வேறு மாதிரி வலித்தது. நினைத்தேன். நினைக்காத நாளே இல்லை. நான் இல்லாவிட்டால் அவர்களுக்கு நிம்மதி என்று அந்த நோய் ஒரு பொய்க் கணக்குப் போட்டுக் காட்டியது, நான் நம்பினேன். மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு பெரிய பொய் என்று புரிந்தது. இதைக் கேட்டவர்கள் அன்புடன்தான் கேட்டார்கள். ஆனாலும் குற்ற உணர்ச்சியில் ஏற்கெனவே மூழ்கிக் கிடப்பவன் தலையில் இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் போனார்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வார்டு வாசலிலேயே ஓர் உறவினர், "கேஸ் ஆயிடும், தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லுங்க" என்று அம்மாவைப் பயமுறுத்தினார். தற்கொலை முயற்சிக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை இருந்தது உண்மை. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 309-க்கு இணையான பிரிவு இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுக்கவோ நிர்ப்பந்திக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டுமே குற்றம். ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. (போலீசுக்குத் தகவல் போகும் மருத்துவ-சட்டப் பதிவு) போடுவார்கள், போலீஸ் வந்து விசாரிக்கலாம். அதற்குப் பயந்து டாக்டரிடம் பொய் சொன்னால் சிகிச்சையே தப்பாகிவிடும்.

எனக்கு உதவியது என்ன? அம்மா குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார். அவருக்கு அது தேவைப்பட்டது; பொங்கலும் நடந்தது, மாத்திரையும் நடந்தது. ஒரு நண்பன் மட்டும் சுற்றி வளைக்காமல், "செத்துரலாம்னு இப்பவும் தோணுதாடா?" என்று கேட்டான். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். வராது. எனக்கு மூச்சு விட இடம் கிடைத்தது போலிருந்தது. "சில நேரம்" என்றேன். அவன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. மறுநாள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் எனக்கு ஓ.பி. சீட்டு வாங்கி, முறை வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகும் வாரா வாரம் கேட்டான்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்குள் அந்த எண்ணம் இருந்தால் இப்போதே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், தனியாக இருக்காதீர்கள். மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ் 14416, இரவும் பகலும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 இருக்கிறது. 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. பாதிக்கப்பட்டவர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. "என் தம்பி இப்படிச் சொல்றான், நான் என்ன பண்ணணும்?" என்று நீங்களும் 14416-இல் கேட்கலாம்.