ஒரே கிணறு, தனித்தனிப் புட்டி

கடலூர், புதுச்சேரி கடலோரக் கிணறுகள் உப்பேறுவதை நிலவியல், வேதியியல், மருத்துவத் துறையினர் சேர்ந்தே ஆராய வேண்டும் என்கிறது ஒரு கட்டுரை. முழுக்கச் சரி. ஆனால் இத்தகைய கூட்டு வேலை பெரும்பாலும் தண்ணீர் மாதிரி எடுக்கும் கிணற்றடியிலேயே கெட்டுப்போகிறது.

உலோகங்களை அளக்கும் மாதிரியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 2-க்குக் கீழே இறக்குவார்கள். அதே புட்டியில் நைட்ரேட் பார்த்தால் அமிலத்தில் உள்ளதும் சேர்ந்து வரும்; பைகார்பனேட் அழிந்திருக்கும். கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய தனிப் புட்டி, ஐஸ் பெட்டி வேண்டும், அன்றைக்கே ஆய்வகம் சேர வேண்டும். குளோரின் போட்ட தண்ணீர் என்றால் புட்டியில் முன்கூட்டியே குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும்.

இதைவிட மோசம் அலகுக் குழப்பம். நைட்ரேட் லிட்டருக்கு 10 மி.கி. என்று எழுதியது அதிலுள்ள நைட்ரஜனின் எடைக் கணக்கா, முழு நைட்ரேட்டின் எடைக் கணக்கா? நைட்ரஜன் என்றால் நைட்ரேட்டாக மாற்ற 4.43-ஆல் பெருக்க வேண்டும், 44.3 வரும். இந்தியக் குடிநீர்த் தரத்தின் வரம்பே நைட்ரேட் கணக்கில் 45தான். இரண்டும் ஒரே அட்டவணையில் கலந்தால் எந்த ஊர்க் கிணறு ஆபத்தானது என்பதே மாறிவிடும்! அலகை அட்டவணைத் தலைப்பிலேயே எழுதுங்கள்.

நீர்மட்டமும் அப்படித்தான். தரையிலிருந்து எத்தனை மீட்டர் என்பது மோட்டார் இறக்கப் போதும். கடல்நீர் உள்ளே வருகிறதா என்று பார்க்க, கிணற்று விளிம்பின் உயரத்தை அளந்து, கடல்மட்டக் கணக்குக்கு மாற்ற வேண்டும்.

மக்களிடம் ரத்தம், சிறுநீர் எடுப்பதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் மாதிரி வேண்டுமென்றால் விண்ணப்பத்தைக் கோடையிலேயே கொடுத்துவிடுங்கள். அக்டோபர் தவறினால் ஒரு வருடம் போச்சு.